பெட்டிக்கு இடமிருக்கிறது... அம்மாவுக்கு?

காலை 10 மணி. சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டு. மந்தைவெளிப் பக்கமிருந்து வந்த இளம்பெண்ணுக்கு சிசேரியன் முடிந்து இரண்டாவது நாள். ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். பின்னாலேயே அவருடைய அம்மா, கையில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் கிண்ணத்தோடு வருகிறார். அதில் பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் இருக்கிறது, பத்து மில்லிகூடத் தேறாது. குழந்தை இருப்பது வேறு மாடியில். லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் போகிறது, காத்திருக்கிறார்கள். ஒருவழியாகக் கண்ணாடிக் கதவை எட்டியதும், உள்ளேயிருந்து வந்த செவிலியர் கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

"ஒரே ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறேன் சிஸ்டர்..."

"ரவுண்ட்ஸ் நடக்குதும்மா. மூணு மணிக்கு வாங்க."

கதவு சாத்தப்படுகிறது. அந்தச் செவிலியரைக் குறை சொல்ல முடியாது. உள்ளே குழந்தைக்குச் சூடு தரும் வார்மருக்கும் வார்மருக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடக்கூட இடமில்லை. அம்மாவுக்கு இடம் வேண்டும் என்று கட்டடத்தை வரைந்தவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை 'பெட்டியில வச்சிருக்காங்க' என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது டாக்டரைப் பற்றி. அடுத்து மெஷினைப் பற்றி. அறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் குழாய் எங்கே இருக்கிறது, ஏ.சி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எத்தனை கதவுகள், அம்மாவின் கட்டில் எத்தனை அடி தூரத்தில் என்பதும் ஒரு கிலோ குழந்தையின் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன. பணம் குறைவாக உள்ள மருத்துவமனையில் இவற்றின் பங்கு இன்னும் அதிகம்.

13-ல் 9

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 சதவீதம். 2005-ல் ஆயிரத்துக்கு 37 ஆக இருந்த சிசு மரண விகிதம், 2020-ன் மாதிரிப் பதிவுக் கணக்கில் 13 ஆக இறங்கிவிட்டது. நாடு முழுவதற்குமான சராசரி அப்போது 28.

பெருமைப்படலாம். ஆனால் அந்த 13-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 9 மரணங்கள் பிறந்த 28 நாட்களுக்குள் நடப்பவை. தடுப்பூசியும் சத்துணவும் சாலை வசதியும் செய்யக்கூடியதைப் பெருமளவு செய்துவிட்டன. மிச்சமிருக்கும் சண்டை பெரும்பாலும் பச்சிளங்குழந்தை வார்டின் நான்கு சுவர்களுக்குள்தான்.

அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். கிட்டத்தட்ட இரண்டில் ஒரு தாய் வயிற்றில் தையலோடுதான் குழந்தையைப் பார்க்கப் போக வேண்டும். குழந்தை வார்டு வேறு மாடியில் இருந்தால், அந்தத் தாய்க்கு முதல் இரண்டு நாட்கள் போனதுதான். தாய்ப்பால் ஊறத் தொடங்கும் நாட்கள் அவை.

பெட்டிச் செய்தி: அரசு விதி என்ன சொல்கிறது?

• ஆண்டுக்கு 3,000 பிரசவம் நடக்கும் மருத்துவமனைக்கு 12 படுக்கை கொண்ட சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவு (எஸ்.என்.சி.யூ.). கூடுதலாக ஒவ்வொரு 1,000 பிரசவத்துக்கும் 4 படுக்கை.

• ஒரு குழந்தைக்கு 100 சதுர அடி. அதில் 50 சிகிச்சைக்கு. மீதி 50 செவிலியர் மேசை, மருந்து கலக்கும் இடம், பால் எடுக்கும் அறை போன்றவற்றுக்கு.

• அறையின் வெப்பநிலை 26 முதல் 28 டிகிரி செல்சியஸ்.

• ஒவ்வொரு வார்மர் பக்கத்திலும் சீரான மின்னழுத்தம் உள்ள 6 முதல் 8 பிளக் பாயின்ட்.

• 3 அல்லது 4 குழந்தைகளுக்கு ஒரு செவிலியர், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும்.

முதலில் இடம், பிறகு சிகிச்சை

மந்தைவெளியிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் போனால் திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. இன்றும் ஆட்டோக்காரரிடம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால்தான் சட்டென்று புரியும். 1885-ல் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் முன்னின்று தொடங்கியது. திரைமறைவில் வாழ்ந்த பெண்கள் ஆண்கள் நடமாடும் மருத்துவமனைக்கு வரமாட்டார்கள், வீட்டிலேயே பிரசவித்துச் சாவார்கள் என்பதுதான் அப்போதைய பிரச்சினை. மருந்து புதிதல்ல, மருத்துவமும் புதிதல்ல. அந்தப் பெண்கள் தயங்காமல் உள்ளே வரும்படி ஓர் இடம் அமைந்தது, அவர்களும் வந்தார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரிந்த பாடம் இது.

பச்சிளங்குழந்தை வார்டுகளுக்கு வரும்போது மட்டும் பாடம் தலைகீழானது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகின் பல இடங்களிலும் கிருமிக்குப் பயந்து தாயை வெளியே நிறுத்தினார்கள். இந்தியாவில் 2003-ல் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் வெற்றிபெற்ற சிறப்புப் பிரிவு, பிறகு தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழியாக நாடெங்கும் பரவியது. லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. ஆனால் அதன் வரைபடத்திலும் தாய்க்குக் கிடைத்தது பால் பீய்ச்ச ஓர் அறை மட்டும்தான்.

டெல்லியில் நடந்த சோதனை

1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் திண்டாடினார் எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர். எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் தோலோடு தோலாகக் கட்டி வைத்தார். அதுதான் கங்காரு முறை. நம்மூரிலும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் தெரிந்த முறைதான். ஆனால் குழந்தை தேறி, ஆபத்துக் கட்டம் தாண்டிய பிறகுதான் தாயிடம் கொடுப்பது வழக்கம்.

தேறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், முதல் நாளிலேயே தொடங்கினால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் தலா ஒரு மருத்துவமனை. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங். பிறக்கும்போது ஒரு கிலோவுக்குக் குறையாத, 1.8 கிலோவை எட்டாத 3,211 குழந்தைகள். ஒரு பிரிவினருக்குப் பிறந்தவுடன் கங்காரு முறை. மற்றவர்களுக்கு வழக்கம்போலத் தேறிய பிறகு. முடிவு 2021-ல் வெளியானது. வழக்கமான முறையில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம். உடனடி முறையில் 12 சதவீதம். அதாவது மரணம் கால்வாசி குறைந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றியது.

இந்தச் செய்தியில் பலரும் தாண்டிப்போன ஒரு விஷயம் உண்டு. அந்தச் சோதனை நடக்க முதலில் சுவர் மாற வேண்டியிருந்தது. ஐந்து மருத்துவமனைகளிலும் தாயின் கட்டிலும் குழந்தையின் வார்மரும் ஒரே அறையில் இருக்கும்படி 'தாய்-சேய் தீவிர சிகிச்சைப் பிரிவு' அமைத்தார்கள். ஆக்சிஜன், சுவாசக் கருவி, சலைன் எல்லாம் தாயின் கட்டிலருகே வந்தன. உடனடி முறையில் ஒரு குழந்தை ஒரு நாளில் தாயின் மார்பில் இருந்தது சுமார் 17 மணி நேரம். பழைய முறையில் ஒன்றரை மணி நேரம். பதினேழு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியுமா? கட்டில் வேண்டும். முதுகுப் பக்கம் உயர்த்தும் கட்டில். பத்தடியில் கழிவறை. தாய்க்கு நேரத்துக்குச் சாப்பாடு. முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி. தாய் மயக்கம் தெளியாமல் இருந்தால் பாட்டியோ சித்தியோ மார்பில் போட்டுக்கொள்ள அனுமதி.

குளிர்ந்துபோகும் குழந்தைகளும் கிருமித் தொற்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளும் உடனடி முறையில் குறைவாகவே இருந்தார்கள். தாய் உள்ளே வந்தால் கிருமி வரும் என்ற பழைய பயத்துக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. தாயின் தோலில் உள்ள கிருமிகள் பெரும்பாலும் தீங்கு செய்யாதவை. மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்றவை கை மாறிக் கை வருபவை, வார்டுக்கே உரியவை.

ஏன் இங்கே தயக்கம்?

மருத்துவர்களின் தயக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பிரசவித்த தாயும் ஒரு நோயாளி. ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், தையல் எல்லாவற்றையும் பார்க்க மகப்பேறு மருத்துவர் குழந்தை வார்டுக்குள் வர வேண்டும். இரண்டு துறைகள், இரண்டு தலைவர்கள், இரண்டு கேஸ் ஷீட். யார் பொறுப்பு என்ற கேள்வியிலேயே பல திட்டங்கள் நின்றுபோகும். இருக்கும் செவிலியர்கள் குழந்தைகளுக்கே போதவில்லை, அம்மாக்களையும் யார் கவனிப்பது என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

அதற்கும் நம் நாட்டிலேயே ஒரு பாதி பதில் இருக்கிறது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், தாய்க்கும் குடும்பத்தாருக்கும் கைகழுவவும், டியூபில் பால் கொடுக்கவும், ஆபத்து அறிகுறிகளைக் கவனிக்கவும் பயிற்சி கொடுத்து உள்ளே அனுமதித்துப் பார்த்தார்கள். 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அதையே வழிகாட்டுதலாக வெளியிட்டது. பயிற்சி பெற்ற தாய், செவிலியரின் சுமையைக் கூட்டுவதில்லை, குறைக்கிறார்.

இடம்தான் பெரிய சிக்கல். அமெரிக்க விதிப்படி பல குழந்தைகள் இருக்கும் அறையில்கூட ஒரு குழந்தைக்கு 120 சதுர அடி காலியிடம் வேண்டும், அதுவும் நடைபாதையும் கைகழுவும் இடமும் சேராமல். நம் விதிப்படி 12 குழந்தைகளுக்கும் எல்லாம் சேர்த்தே 1,200 சதுர அடி. மந்தைவெளியில் ஒரு மூன்று படுக்கையறை அடுக்குமாடி வீடு அவ்வளவுதான் இருக்கும். அதற்குள் 12 கட்டில்களைத் திணிக்க முடியாது. ஆனால் பிரசவ வார்டில் அந்தத் தாய்மாருக்கு ஏற்கெனவே கட்டில்கள் இருக்கின்றன. புதிதாக இடம் கேட்கவில்லை, அந்தக் கட்டில்களைக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்கிறோம்.

ஒரு குழாய் குறைந்தால்...

கட்டடத்தில் கவனிக்காமல் விட்ட சின்ன விஷயம் ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுக்கத் தொடரும். மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் உயிர். அதிகமானால் அதுவே கேடு. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகலாம். அதனால் ஆக்சிஜனைக் காற்றோடு அளந்து கலந்து கொடுக்க வேண்டும். கலப்பதற்கு பிளெண்டர் வேண்டும், பிளெண்டருக்குச் சுவரில் இரண்டு குழாய்கள் வேண்டும். ஒன்றில் ஆக்சிஜன், மற்றதில் அழுத்தமூட்டிய காற்று. கட்டும்போது ஆக்சிஜன் குழாய் மட்டும் போட்டுவிட்டால், பின்னால் எவ்வளவு நல்ல டாக்டர் வந்தாலும் பெரும்பாலும் தூய ஆக்சிஜனைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

1996-ல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பார்வை போனது. உரிய நேரத்தில் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூலையில் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. இன்று இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நடைமுறை. அதற்கு இருட்டாக்கக்கூடிய ஒரு மூலை வேண்டும். அந்த மூலை வார்டிலேயே இருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன் பரிசோதனை விட்டுப்போகாது.

ஏ.சி. யாருக்கு?

சென்னையின் மே மாதத்தில் 28 டிகிரி அறையில் எட்டு மணி நேரம் கவுன் போட்டு வேலை பார்ப்பவருக்கு வியர்த்துக் கொட்டும். ரிமோட்டை எடுத்து 22 ஆக்குவது மனித இயல்பு. ஆனால் ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, தோல் காகிதம்போல் மெலிதானது. வார்மரின் வெப்பம் மேலிருந்து வந்தாலும், ஏ.சி. காற்று பக்கவாட்டில் அடித்தால் அதை அடித்துக்கொண்டு போய்விடும். குளிர்ந்த குழந்தை மூச்சு விடச் சிரமப்படும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், தொற்றும் எளிதில் வரும். வார்மர் எங்கே என்று முடிவான பிறகுதான் ஏ.சி. எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

கைகழுவும் தொட்டியும் அப்படித்தான். வாசலில் மட்டும் ஒன்று இருந்தால், ஒரு குழந்தையைத் தொட்டுவிட்டு அடுத்த குழந்தைக்குப் போகும் செவிலியர் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு நடக்கமாட்டார். எந்தக் குழந்தையிடமிருந்தும் 20 அடிக்குள் தொட்டி இருக்க வேண்டும், 3 அடிக்குள் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்க விதி. அருகில் இருந்தால் தெறிக்கும் நீரே கிருமியைக் கொண்டுவரும். முழங்கையால் திறக்கும் குழாய், ஆழமான தொட்டி. கூடவே தண்ணீர் வர வேண்டும். 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த சென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு ஜெனரேட்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வர ஒரே வழி

2021 ஜனவரி 9, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனை: பச்சிளங்குழந்தைப் பிரிவில் தீ, 10 குழந்தைகள் பலி. 2024 மே மாதம் டெல்லி விவேக் விஹாரில் ஒரு தனியார் மருத்துவமனை. அதே ஆண்டு நவம்பர் 15, உத்தரப்பிரதேசத்தின் ஜான்சி மருத்துவக் கல்லூரி: அன்றிரவே 10 குழந்தைகள். கொள்ளளவுக்கு மேல் குழந்தைகள், ஓய்வில்லாமல் ஓடும் மின்சாதனங்கள், ஆக்சிஜன் நிறைந்த காற்று. ஒரு பொறி போதும்.

சென்னையும் தப்பிவிடவில்லை. 2021 மே மாதம் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் தீப்பிடித்தபோது, பணியில் இருந்த செவிலியர்களும் ஊழியர்களும் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாராட்டு மழை பொழிந்தது, பொழிய வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் செவிலியரின் துணிச்சலை நம்பிக் கட்டடம் கட்ட முடியாது. இரண்டு வாசல், அறைக்கு வெளியே ஆக்சிஜனை மூடும் வால்வு, மின்சுமைத் தணிக்கை, ஒரே தடவையில் பல குழந்தைகளைத் தூக்கிச் செல்லப் பைகள் வைத்த ஏப்ரன் ஆகியவையெல்லாம் வென்டிலேட்டரைவிட மலிவு.

வீடு நர்சிங் ஹோம் ஆனால்

மந்தைவெளி, மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் தெருக்களில் பழைய வீடுகளை நர்சிங் ஹோம்களாக மாற்றியிருப்பதைப் பார்க்கலாம். பிரசவத்துக்கு நல்ல பெயர் வாங்கிய டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் படுக்கையறையாகக் கட்டிய அறை பச்சிளங்குழந்தை வார்டாகும்போது, ஒயரிங் தாங்குமா, மாடிப்படியின் அகலம் போதுமா, இரண்டாவது வழி உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே வந்துவிட்டது, அதற்கான விதிகள் 2018-ல்தான் வந்தன. அறை தகுதியில்லை என்றால் அங்கே பிரசவம் மட்டும் பார்க்கட்டும். குறைமாதம் என்று முன்பே தெரிந்தால் தாயை வயிற்றில் குழந்தையோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே நல்லது. மெட்ரோ வேலைக்காகக் குறுகிய ஆர்.கே. மடம் சாலையில் ஒரு கிலோ குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி எழும்பூருக்கு விரட்டுவதைவிட, தாயின் வயிறு பாதுகாப்பான வண்டி.

பெட்டிச் செய்தி: குழந்தை பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ.) இருந்தால் கேளுங்கள்

• நான் எப்போது உள்ளே வரலாம்? மார்பில் போட்டுக்கொள்ள எப்போதிலிருந்து அனுமதி?

• என்னால் முடியாவிட்டால் என் அம்மாவோ கணவரோ கங்காரு முறை செய்யலாமா?

• ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து கொடுக்கிறீர்களா?

• விழித்திரைப் பரிசோதனை எந்தத் தேதியில்? டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா?

• பால் எடுக்க, உட்கார, கைகழுவ எனக்கு இடம் எங்கே?

அடிக்கல் நாட்டும் முன்

அரசு மருத்துவமனைகளில் புதிய மகப்பேறு கட்டடங்கள் எழுந்துகொண்டுதான் இருக்கின்றன. வரைபடம் பொதுப்பணித் துறை மேசையில் இருக்கும்போதே மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், இரவு ஷிஃப்ட் பார்க்கும் செவிலியர், குழந்தையை வார்டில் விட்டுக் காத்திருந்த ஒரு தாய் ஆகிய நால்வரையும் அழைத்துக் கேட்க வேண்டும். காகிதத்தில் இருக்கும் சுவரை அழிக்க ரப்பர் போதும். கட்டி முடித்த சுவரை இடிக்க டெண்டர் விட வேண்டும், அதற்குள் ஆயிரம் குழந்தைகள் அந்த வார்டைக் கடந்துவிடுவார்கள்.

மாற்றம் வர புதிய கண்டுபிடிப்பு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆதாரம் 2021-லேயே கிடைத்துவிட்டது, அதைத் தந்தவற்றில் ஒன்று நம் நாட்டின் அரசு மருத்துவமனை. தமிழக சுகாதாரத் துறை செய்ய வேண்டியது ஒன்றுதான்: இனி கட்டும் எந்தப் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் வார்மருக்குப் பக்கத்தில் தாயின் கட்டில் இல்லையென்றால் வரைபடத்துக்கு ஒப்புதல் இல்லை என்று அரசாணை போடட்டும்.